காபிச் சக்கையை அப்படியே கொட்டாதீர்கள்

ஃபில்டரில் மிஞ்சும் சக்கையை ரோஜாத் தொட்டியில் கெட்டியாகப் பரப்பினால் நல்லது, மண்ணை அமிலமாக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். அங்கேதான் சிக்கல். தூள் நைஸாக இருப்பதால் காய்ந்ததும் அடை தட்டிய மாதிரி இறுகிவிடும். ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்துவிடும். மண்ணை அமிலமாக்கும் என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். அமிலத்தில் பெரும்பகுதி டிகாக்ஷனோடு நம் டம்ளருக்கு வந்துவிடுகிறது. சக்கையில் நைட்ரஜன் சுமார் 2 சதவீதம் உண்டு, ஆனால் மட்கினால்தான் செடிக்குக் கிடைக்கும். அதனால் காய்ந்த இலை, காய்கறித் தோலோடு சேர்த்து கம்போஸ்ட் தொட்டியில் போடுங்கள். மொத்தத்தில் 20 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். அப்புறம், விதை போட்ட தொட்டிப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. சக்கையில் தங்கியிருக்கும் காஃபீன் முளைப்பைக் கெடுக்கும். பால், சர்க்கரை கலந்த மிச்சக் காபியைச் செடிக்கு ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், எறும்புதான் வரும்.