இராவணனுக்கு 3 மார்க்ஸ் போட்ட பாவி நான்தான்

மூண்டு நாளா வாயை மூடிக்கொண்டு இருந்தன். இனி ஏலாது.

ஓம், எங்கட கார்ட் வடிவமைக்கிற போட்டிக்கு வந்த அந்த இராவணன் கார்டுக்கு 10க்கு 3 போட்டது நான்தான். மற்ற ரெண்டு நடுவர்மாரும் 8, 9 எண்டு போட, நான் மட்டும் 3. என்ர மார்க்ஸ் தாளைப் படமெடுத்துச் சுத்தவிட்ட ஆக்களுக்கு நன்றி. என்ர கையெழுத்து இவ்வளவு கேவலம் எண்டு எனக்கே இப்பதான் தெரியும்.

முதல்ல ஒண்டு சொல்லிப்போடுறன். படம் அருமை. திருகோணமலைப் பாறையில இருக்கிற இராவணன் வெட்டுக்குள்ளால அந்த ஆள் எழும்பி வாற விதமும், கீழ கடல் நுரைக்கிறதும் பாத்து நானே ஒரு நிமிசம் வாயடைச்சுப் போனன். ஓவியப் போட்டி எண்டா 10க்கு 11 போட்டிருப்பன். ஆனா நாங்கள் வைச்சது மேஜிக் த கேதரிங் எண்ட கார்ட் விளையாட்டுக்குப் புதுக் கார்ட் வடிவமைக்கிற போட்டி. கார்ட் விளையாடுறதுக்கு. சுவரில மாட்ட இல்லை.

அந்தக் கார்டில என்ன இருந்தது? தனிப் பச்சை நிறம், 5 மானா (கார்டை இறக்கக் குடுக்கிற விலை), 10/10 (அடிக்கிற பலமும் தாங்கிற பலமும்). பறக்கும். அழிக்க ஏலாது. வந்த உடன 3 கார்ட் எடுக்கலாம். எதிராளியின்ர மந்திரத்தை ரத்துச் செய்யும். இன்னும் ஆறு இருக்கு. பத்துத் தலை எண்டபடியால் பத்துத் திறனாம். எழுத்தைச் சின்னனாக்கிச் சின்னனாக்கி, கடைசி வரி எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

நான் என்னட்டக் கேட்ட கேள்வி ஒண்டே ஒண்டுதான். இது மேசையில விழுந்தா, எதிரில இருக்கிறவர் என்ன செய்யலாம்? ஆளுக்கு 20 உயிர். 10/10 ரெண்டு தரம் அடிச்சா கதை முடிஞ்சுது. தடுக்க வழியில்லை, அழிக்க வழியில்லை. அப்ப எதிரில இருக்கிறவர் எழும்பிப் போய் தேத்தண்ணி குடிக்கலாம்.

"விளையாடிப் பாக்காமலே போட்டிட்டார்" எண்டு ஒருத்தர் எழுதியிருக்கிறார், அதுக்கு 64 லைக். ஐயா, வந்த கார்ட் அவ்வளவையும் என்ர காசில பிரிண்ட் எடுத்து, கத்தரிக்கோலால வெட்டி, பழைய கார்டுகளுக்கு முன்னால வைச்சு ஸ்லீவ் எண்ட பிளாஸ்டிக் உறைக்குள்ள செருகினது நான். ஃபேன் போட்டா துண்டுகள் பறக்குதெண்டு, உப்புவெளிப் புழுக்கத்தில ஃபேனை நிப்பாட்டிப்போட்டு விளையாடினது நானும் தங்கச்சியின்ர மகனும். இராவணனை மட்டும் ஆறு ஆட்டம். நாலாவது ஆட்டத்தில பெடியன் கையிலிருந்த கார்டைக் கவிட்டு வைச்சிட்டு, "மாமா, நான் இப்ப என்ன செய்யிறது?" எண்டு கேட்டான். எனக்கும் மறுமொழி தெரியேல்ல. அந்த 3 அங்கதான் விழுந்தது.

"இராவணன் எண்டா பலமாத்தானே இருக்கோணும்?" இருக்கட்டும். பலத்துக்கு விலை இருக்கோணும் எண்டுதான் சொல்லுறன். பச்சைக்குப் பறக்கிறது சாதாரணமாக் குடுக்கிறேல்ல, மந்திரத்தை ரத்துச் செய்யிறது நீலத்தின்ர வேலை. இந்த விளையாட்டில கார்டுகளுக்கு ஐஞ்சு நிறம் வைச்சதே ஒவ்வொண்டுக்கும் ஒரு குறை இருக்கோணும் எண்டுதான். இதுக்கும் ஒரு கெட்டிக்காரர் வந்தார்: "இராவணனிட்ட புஷ்பக விமானம் இருக்கு, அப்ப பறப்பார்தானே?" பகிடி நல்லா இருக்கு. அப்பிடியெண்டா விமானத்தைத் தனிக் கார்டாப் போடுங்கோ. 2016 இல கலடேஷ் எண்ட கார்ட் தொகுப்போட வாகனம் எண்டு ஒரு வகையே வந்திட்டுது. பத்துத் தலைக்கும் வழி இருந்தது. 1993 இல வந்த முதல் தொகுப்பிலேயே றொக் ஹைட்ரா எண்டு ஒண்டு இருக்கு. தலைக்கொரு கவுண்டர் (கார்டுக்கு மேல வைக்கிற அடையாள வில்லை), அடி விழ விழ ஒவ்வொரு தலையாப் போகும். எதிரில இருக்கிறவருக்கு வெட்டுறதுக்கு ஒண்டு கிடைக்குது, பாத்தீங்களோ?

கண்ணால பாத்துப் பலத்தை அளக்க ஏலாது. இந்த விளையாட்டைச் செய்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதத்தில டொக்டர் பட்டம் எடுத்தவர். அவரே அந்த முதல் தொகுப்பில நிறத்துக்கு ஒண்டா "ஒரு மானாவுக்கு மூண்டு" எண்டு ஐஞ்சு கார்ட் வைச்சார். சிவப்புக்கு 3 அடி, வெள்ளைக்கு 3 உயிர், நீலத்துக்கு 3 கார்ட். கடதாசியில எல்லாம் சமன். இண்டைக்கு அந்த நீலக் கார்ட் லெகசி எண்ட போட்டி முறையில தடை, விண்டேஜ் எண்ட முறையில ஒரு கட்டுக்குள்ள ஒண்டே ஒண்டுதான் வைக்கலாம். வெள்ளையை ஆரும் திரும்பியும் பாக்கிறேல்ல.

"இவருக்கு என்ன தகுதி?" ஒண்டும் இல்லை. அப்பாவும் சித்தப்பாமாரும் விறாந்தையில 304 எண்ட சீட்டாட்டம் விளையாடேக்க முதுகுக்குப் பின்னால நிண்டு பாத்த தகுதிதான். அதில ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ராசாவுக்கு வெறும் 3. ராசாவுக்கே 3! ஆரும் போய் அப்பாவோட சண்டை பிடிக்கேல்ல.

எனக்கும் விழுந்திருக்கு. நான் முதல் செய்த கார்ட் கன்னியா, எங்கட வெந்நீர்க் கிணறுகள். ஏழு கிணறு, ஏழு சூடு, ஏழு திறன். ரெண்டு கிழமை இருந்து செய்தனான். கூட்டாளி ஒருத்தன் வாசிச்சுப்போட்டு, "மச்சான், இதை முடிக்கிறதுக்குள்ள பிளேன்டீ ஆறிட்டுது" எண்டான். பத்து நாள் அவனோட கதைக்கேல்ல. பதினோராம் நாள் ஆறு கிணத்தை மூடினன். இண்டைக்கும் அந்தக் கார்ட் என்ர செட்டில இருக்கு. அவன் அண்டைக்கு "சூப்பர்டா" எண்டு சொல்லியிருந்தா இருந்திருக்காது.

இஞ்ச எல்லாத்துக்கும் சூப்பர்தான். கவிதையும் சூப்பர், கேக்கும் சூப்பர். ஆராவது ஒருத்தன் உக்காந்து ஒழுங்கா வாசிச்சு ஒரு குறை சொன்னா, அவனுக்குப் பொறாமை.

பொறாமை எண்டதையும் பொறுத்துக்கொள்ளுவன். ஒரு தம்பி, நான் கார்ட் கலைக்கவே சொல்லிக்குடுத்த பிள்ளை, கீழ வந்து "இராவணனுக்கே குறைச்சுப் போட்ட துரோகி" எண்டு எழுதி ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருக்கு. தம்பி, அந்தச் சொல்லை எங்கட ஊரில பகிடிக்கும் சொல்லுறேல்ல. வீட்டில பெரியாக்களைக் கேட்டுப் பார். பொம்மையைப் பாத்து நானும் சிரிக்கத்தான் பாத்தன், வரேல்ல.

நான் 9 போட்ட கார்டைப் பற்றி ஒருத்தர்கூடக் கதைக்கேல்ல. கோட்டை மான். 1 பச்சை மானா, 1/1. ஒரு முறையில ஆரும் தாக்காட்டி, முறை முடிய உங்களுக்கு 1 உயிர் கூடும். அவ்வளவுதான், ரெண்டு வரி. படம்கூட பென்சிலால கீறினது. திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை வாசலில ஆக்களின்ர கையிலிருந்தே சாப்பிடுற அதே மான். எதிரில இருக்கிறவர் மெனக்கெட்டு ஒண்டைத் தாக்க அனுப்பலாம், விட்டுப்போட்டும் இருக்கலாம், ஒவ்வொரு முறையும் யோசிக்கோணும். மருமகன் நாலு ஆட்டம் கேட்டுக் கேட்டு விளையாடினான். மொத்த மார்க்ஸில அது ஆறாவது. செய்த பிள்ளை ஒரு சொல் பேசேல்ல, வாட்ஸ்அப்பில "நன்றி அண்ணா, மானாவை ரெண்டாக்கிப் பாக்கட்டோ?" எண்டு மட்டும் கேட்டது.

அடுத்த போட்டிக்கு வேற ஆளைப் பாருங்கோ. லைக்கை எண்ணிப் பரிசைக் குடுங்கோ, நடுவர் செலவும் மிச்சம்.

பி.கு.: போட்டிக்குக் கொண்டுவந்த என்ர கறுப்பு ஸ்லீவ் 60 இல 52தான் திரும்பி வந்திருக்கு. மிச்சம் எட்டையும் வைச்சிருக்கிறவர் தயவுசெய்து இன்பொக்ஸில வாங்கோ. இராவணன் செருகின ஸ்லீவும் அதுக்குள்ளதான்.