20 வளைவும் என் உள்ளங்கையும்

நினைப்பை மாற்றினால் பயம் போய்விடும் என்று உங்கள் கட்டுரை சொல்கிறது, சார். எனக்கு நடந்தது தலைகீழ். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஒருமுறை மூன்றாவது வளைவில் எதிரே பஸ் வர, கார் ஆஃப் ஆகிப் பின்னால் உருண்டது. அன்றிலிருந்து 'நமக்கு ஆகாது' என்ற நினைப்பு. நினைத்தாலே உள்ளங்கை வியர்க்கும். அதனால் போகவே மாட்டேன். போகாமல் இருக்க இருக்கப் பயம்தான் கொழுத்தது. (வீட்டில் கேட்டால் பெட்ரோல் விலை என்பேன்!) நினைப்பு, உடம்பு, செய்கை ஒன்றையொன்று தூண்டும் இந்தச் சுழல், அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் தொடங்கிய சிகிச்சை முறையில் பேசப்படுவதுதான். ஆனால் அது அறுந்தது யோசித்து அல்ல. மச்சான் பக்கத்தில் உட்கார, முதல் ஞாயிறு அடிவாரம் வரை, அடுத்த ஞாயிறு இரண்டு வளைவு, அப்படியே மேலே. ஏழாவது வளைவில் ஃபர்ஸ்ட் கியரில் ஏறும்போதும் ஸ்டீயரிங் ஈரமாகத்தான் இருந்தது. நினைப்பு மாறியது அதற்கப்புறம்தான். செய்கையைப் பற்றி இரண்டே வரி எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்களே சார்?