மீதமிருந்த அட்டை

எலிக்குப் பசை அட்டை வாங்கி வைத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கீழே எழுதப்போவதெல்லாம் யாரோ ஒரு கல்நெஞ்சக்காரருக்கு நான் சொல்லும் உபதேசம் போலாகிவிடும்.

வெங்காயக் கூடையில் புழுக்கை, அரிசி மூட்டையில் ஓட்டை என்று பொறுத்துக்கொண்டிருந்தோம். கேஸ் குழாயில் பல் தடம் பார்த்த அன்றுதான் கடைக்குப் போனேன். “மருந்து வைத்தால் பரணுக்குள் போய்ச் செத்து நாறும் சார். இது ஒட்டிக்கொள்ளும். அப்படியே மடித்துக் குப்பையில் போட்டுவிடலாம்” என்றார் கடைக்காரர். பொட்டலத்துக்கு இரண்டு அட்டை. புத்தகம் போல விரித்து ஒன்றைச் சிலிண்டருக்குப் பின்னால் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

விடியற்காலை நாலரை மணிக்கு, சில்லறைக் காசைக் குலுக்குவதுபோல ஒரு கிறீச்சொலி. விளக்கைப் போட்டுப் பார்த்தால், எலி இல்லை. மூஞ்சூறு. வயிறும் மூன்று கால்களும் ஒரு பக்கக் கன்னமும் பசையில். ஒட்டாத முன்னங்கால் ஒன்று மட்டும் காற்றில் துழாவிக்கொண்டிருந்தது. அதற்குள் எறும்புகளும் வந்திருந்தன. முதலில் வந்தவை ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு விட்டன. பின்னால் வந்தவை அவற்றின் முதுகில் ஏறி நடந்து மூஞ்சூறின் கண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தன.

என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். கடைக்காரர் சொன்னபடி மடித்துவிடலாம். உயிரோடு எப்படி மடிப்பது?

சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்தார். “மூஞ்சூறுடா இது. கரப்பான்பூச்சி தின்ன வந்திருக்கும். பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை படைக்கிற வீட்டில் அவர் வாகனத்தையே ஒட்டி வைத்திருக்கிறாயே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது. அவர் சொன்னது சரியும்கூட. மூஞ்சூறு கொறிக்கும் இனமே இல்லை. பூச்சிதான் அதன் முக்கிய உணவு; அந்தச் சின்ன உடம்பு ஓயாமல் இரை தேடித் தின்றுகொண்டிருந்தால்தான் உயிர் தங்கும். ஒரு ராத்திரி முழுக்கப் பட்டினியாக ஒட்டிக்கிடப்பது அதற்கு எவ்வளவு நீண்ட நேரம் என்று யோசித்துப் பாருங்கள். கேஸ் குழாயைக் கடித்த எலியோ இன்றுவரை அட்டைப் பக்கமே வரவில்லை.

அம்மா கடலை எண்ணெய்க் கிண்ணத்தையும் பழைய துணியையும் கொண்டுவந்தார். தலையில் துணியைப் போர்த்தினால் அடங்கும், கடிக்கவும் முடியாது. உடம்பின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுக் காத்திருந்தால் பசை இளகும். விடுபட்ட இடம் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதன்மேல் கொஞ்சம் கோதுமை மாவு. இழுக்கவே கூடாது; இழுத்தால் தோல் பிய்ந்து வந்துவிடும். முக்கால் மணி நேரம் ஆயிற்று. துணிக்கடியில் அதன் நெஞ்சு என் விரலில் கடகடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் விடுபட்டபோது அட்டையில் ஒரு கொத்து முடியும் ஒரு நகமும் தங்கிவிட்டன. நொண்டிக்கொண்டே துளசி மாடத்தைச் சுற்றிக் கால்வாய்க்குள் போயிற்று. பிழைத்ததா என்று தெரியாது.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், “அப்படியானால் கொசுவையும் அடிக்கக் கூடாதா?” என்று கேட்டார். அடிக்கிறேன். மீனும் சாப்பிடுகிறேன். எலியை அப்படியே விட்டுவிடச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பைத்தியமும் இல்லை. மன்னார்குடிப் பக்கம் வயல் இருந்த குடும்பம். கதிர் வரும் நேரத்தில் எலி வெட்டிப்போட்ட சம்பாப் பயிரைப் பார்த்து என் தாத்தா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டதைக் கண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அதற்குக் கிட்டி வைப்பார்கள். மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்த பொறி. தஞ்சாவூர்க் கிட்டி என்றால் விவசாயிகளுக்குத் தெரியும். சாயங்காலம் வைத்துவிட்டு விடிவதற்குள் வந்து எடுப்பார்கள். பிடித்த எலிக்கு இவ்வளவு என்று கூலி. இரையைத் தொட்டதும் ஒரே அடி, முடிந்தது. கிட்டி வைப்பவர் தன் கையால் செத்த எலியை எடுத்து எண்ணுவார். கொன்றது தான்தான் என்று அவருக்குத் தெரியும்.

பசை அட்டையில் இருப்பது இதற்கு நேர்மாறு. கொல்பவர் யாருமே இல்லாததுபோல ஒரு ஏற்பாடு. நான் அட்டையை வைத்தேன், அவ்வளவுதான். பிறகு பசியும் தாகமும் பார்த்துக்கொள்ளும். மூக்கு ஒட்டினால் மூச்சு முட்டும். ஒட்டாவிட்டால் மணிக்கணக்காக, சில சமயம் நாள்கணக்காக இழுக்கும். மடித்து எறிந்துவிட்டால் அது நம் கண்ணில் படாது. மறுநாள் குப்பையைத் தரம் பிரிக்கும் தூய்மைப் பணியாளர் ஒருவர் கறுப்புப் பையைப் பிரிக்கும்போது துடிக்கும் ஓர் எலி அவர் கைக்கு எதிரே இருக்கும். நம் வீட்டுக் கொலையை முடிக்கும் வேலையையும் அவர் தலையில் கட்டிவிடுகிறோம்.

சுத்தம் என்ற பேச்சும் செல்லாது. பயந்துபோன எலி அங்கேயே சிறுநீர் கழிக்கும். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் பரவுவது அதன் சிறுநீரால்தான். பசை அட்டை வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்வதற்கு இதுதான் காரணம், கருணை இல்லை. இங்கே இந்திய விலங்குகள் நல வாரியம், 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவைக் காட்டி, இந்த அட்டைகளுக்கு எதிராகச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. இருந்தும் கடையில் கேட்டதும் கிடைக்கிறது. இங்கிலாந்தில் 2024 ஜூலை இறுதியிலிருந்து உரிமம் இல்லாமல் எலிக்கு இதை வைப்பதே குற்றம்.

அந்த 1960 சட்டத்துக்கு வித்திட்டவர் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை நியமன உறுப்பினராக 1953இல் அவர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்ன பிறகுதான் திரும்பப் பெற்றார். 1962இல் அமைந்த வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. 2018இல் ஹரியானாவுக்கு மாற்றப்படும்வரை அதன் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது. நாம் கலாக்ஷேத்ராவை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டோம்.

எறும்புக்கு அரிசி மாவில் கோலம் போட்ட பரம்பரை என்று நாம் பெருமை பேசுவதும் எனக்கு இப்போது உறுத்துகிறது. கடையில் கோலமாவு என்று விற்பது பெரும்பாலும் கல் பொடி. எந்த எறும்பு தின்னும்? அதைவிடச் சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் சொல்வது எனக்கு நெருக்கமாக இருக்கிறது. புகாரிலிருந்து மதுரைக்கு நடக்கத் தொடங்கிய கோவலனையும் கண்ணகியையும் அந்தச் சமணத் துறவி எச்சரிக்கிறார்: வயல் வழியே போனால், களை பறிப்பவர்கள் வரப்பில் எறிந்த குவளைப் பூவில் வண்டுகள் கிடக்கும், நடந்த களைப்பில் தெரியாமல் மிதித்துவிடுவீர்கள்; கரையோரம் போனால் நண்டும் நத்தையும் காலில் படும். உயிர்களிடம் அன்பு வையுங்கள் என்று பொதுவாகச் சொல்லியிருக்கலாம். அவர் எந்த இடத்தில் எது கிடக்கும் என்று சொல்கிறார்.

பாத்திரம் கழுவும் தொட்டியின் கழிவுக் குழாயைச் சுற்றியிருந்த இடைவெளியை இப்போது கம்பி வலையும் சிமெண்டும் வைத்து அடைத்துவிட்டேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. பரணிலிருந்த பழைய எலிக்கூண்டும் கீழே வந்திருக்கிறது; மசால் வடை வாங்கும்போது கூடுதலாக ஒன்று.

பொட்டலத்தில் மீதமிருந்த அட்டைதான் இரண்டு வாரம் அலமாரி மேலேயே கிடந்தது. அப்படியே எறிந்தால் குப்பைமேட்டில் பிரிந்து, ஓர் ஓணானோ அணிலோ வந்து ஒட்டிக்கொள்ளும். நேற்று அம்மா அதை முற்றத்தில் விரித்துப் பூந்தொட்டி மண்ணை அள்ளிக் கொட்டினார். நான் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். மூலையில் ஓரிடம் இன்னும் பிசுபிசுத்தது. இன்னொரு பிடி மண் போட்டோம்.