இன்வெர்ட்டர் வாங்கியாயிற்று, தண்ணீருக்கு என்ன வழி?

ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் தெருவில் இன்வெர்ட்டர் இல்லாத வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரத்தை நிறுத்தினாலும் இப்போது யாரும் முணுமுணுப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான், வளைகுடாவில் இருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் அண்ணன் ஒருவர், "இனி ஒரு மாதம் கரண்ட் வராவிட்டாலும் நமக்குக் கவலையில்லை தம்பி" என்றார். கடை வாசலில் நின்று மூத்தவரிடம் மல்லுக்கட்ட எனக்கு மனமில்லை. அங்கே சொல்லாததை இங்கே நீட்டி எழுதுகிறேன், அவரும் படிப்பார்.

முதலில் கணக்கு. பெரும்பாலான வீடுகளில் இருப்பது 150 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று. 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800 வாட்-அவர். இரண்டு யூனிட்கூடத் தேறாது. வீணாவது போக, இரண்டு மின்விசிறி, நான்கு விளக்கு, ஒரு டிவி என்று ஓட்டினால் ஐந்தாறு மணி நேரம் வரும். இன்வெர்ட்டர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. உண்டியலைப் போல, போட்டதைத்தான் திருப்பித் தரும். மறுநாள் அதில் போடுவதற்கு எதுவும் இருக்காது.

ஒரு மாதமெல்லாம் போகுமா என்பீர்கள். போயிருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. நாம் தப்பினோம். நமக்கு வடக்கே டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்தன. உட்கிராமங்கள் பலவற்றுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் திரும்பவில்லை. மற்ற மாவட்டங்களில் இருந்தும் அண்டை மாநிலங்களில் இருந்தும் ஆட்கள் வந்து வயல் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். பல மாவட்டங்கள் ஒரே நேரத்தில் விழுந்தால் உதவிக்கு வர எந்த மாவட்டம் மிஞ்சும்? போர்ட்டோ ரீக்கோ தீவில் 2017 செப்டம்பரில் மரியா புயல் அடித்தபோது, கடைசி வீடுவரை மின்சாரம் திரும்ப ஏறக்குறைய 11 மாதங்கள் ஆயின. இறந்தவர்கள் 64 பேர் என்று முதலில் அறிவித்த அரசு, அடுத்த ஆண்டு 2,975 என்ற ஆய்வுக் கணக்கை ஏற்றுக்கொண்டது. புயலுக்குப் பிந்தைய மாதங்களின் சாவுகளையும் சேர்த்த கணக்கு அது.

புயல்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. 2022-ல் இலங்கையில் எந்தக் கம்பமும் சாயவில்லை. நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் கொடுக்க டாலர் இல்லை, அவ்வளவுதான். நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. அந்த மார்ச்சில்தான் குடும்பம் குடும்பமாகப் படகேறி வந்து தனுஷ்கோடிப் பக்கம் இறங்கினார்கள், மண்டபம் முகாமில் சேர்க்கப்பட்டார்கள். அதே நாடு 2025 பிப்ரவரி 9 அன்று முழுவதுமாக இருண்டது. பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். 

2012 ஜூலை 31 அன்று வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் (கிரிட்) சரிந்து சுமார் 60 கோடிப் பேர் இருளில் இருந்தபோது நமக்கு அந்த அதிர்ச்சி எட்டவில்லை. தெற்கு மின்தொகுப்பு அப்போது தனியாக இருந்தது. (நமக்கு அந்த ஆண்டு வேறு வகை இருட்டு, மணிக்கணக்கான மின்வெட்டு இருந்தது; மறந்திருக்க மாட்டீர்கள்.) 2013 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதும் ஒரே தொகுப்பு. நல்ல நாளில் அது வரம். நமக்குக் குறையும்போது வடக்கில் இருந்து வரும். கெட்ட நாளில் கேடும் அதே வழியில் வரலாம்.

நம் கரைக்கென்று இன்னொரு வினை உண்டு, உப்பு. கம்பத்துப் பீங்கான்மீது உப்புப் படிந்து, விடியற்காலைப் பனியில் அது நனைந்தவுடன் பொறி பறப்பதைக் கடலோரத்துக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இரும்பு எதுவும் இங்கே முழு ஆயுள் வாழ்வதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீண்ட மின்தடை என்றவுடன் எல்லோரும் வெளிச்சத்தையும் மின்விசிறியையும் நினைக்கிறோம். ராமநாதபுரம் மாவட்டத்தில் முதலில் தீரப்போவது தண்ணீர். குழாயில் வரும் காவிரி திருச்சியில் இருந்து வருகிறது; தானாக வழிந்து வரவில்லை, வழிநெடுக மோட்டார்கள் தள்ளி வருகிறது. ஊருக்கு வந்த பிறகும் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்ற இன்னொரு மோட்டார். கேன் தண்ணீர் கொடுக்கும் ஆர்.ஓ. பிளாண்டுக்கும் மோட்டார்தான். கடல்நீரை நன்னீராக்கலாமே என்றால், ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 3 யூனிட் மின்சாரம் வேண்டும். தொட்டியில் ஏற்கெனவே ஏறிய தண்ணீர் ஒரு நாள், சிக்கனமாக இருந்தால் இரண்டு நாள். அதற்குப் பிறகு லாரித் தண்ணீர். லாரி நிரப்பும் இடத்திலும் மோட்டார். இன்வெர்ட்டர் வீட்டில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும், அதன் கீழே காலிக் குடம் இருக்கும்.

நம் பாட்டிமார் காலத்தில் இந்த மாவட்டம் மின்சாரம் இல்லாமல்தான் தண்ணீர் குடித்தது. சொகுசாக அல்ல, ஆனால் குடித்தது. ஊர்தோறும் ஊருணி என்ற குடிநீர்க் குளம் இருந்தது. கால் கழுவக்கூடாது, மாடு இறங்கக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. கலங்கல் நீரில் தேற்றான் கொட்டையை உரைத்து விட்டுத் தெளிய வைத்தார்கள். (தேற்றான் கொட்டை கலங்கலைத்தான் தெளியவைக்கும், கிருமியைக் கொல்லாது. காய்ச்ச வேண்டும், அல்லது தெளிந்த நீரைக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்த வேண்டும். வெயிலுக்கு நம்மிடம் பஞ்சமா?) தனுஷ்கோடியில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைத் தோண்டி ஊற்று எடுத்து இன்றும் நன்னீர் மொள்கிறார்கள். மணலுக்குள் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்பதால் கிடைக்கும் நீர் அது. கையால் மொண்டால் மீண்டும் ஊறும். ஆழத் துளைத்து மோட்டார் போட்டு உறிஞ்சினால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும்.

இன்றைய ஊருணிகளைப் போய்ப் பாருங்கள். சில நன்றாக இருக்கின்றன. ஊர்க்காரர்கள் வேலி போட்டுக் காக்கிறார்கள். பலவற்றில் மழைநீர் வந்து சேரும் வரத்துக்கால் அடைபட்டுச் சீமைக்கருவேலம் நிற்கிறது. கைப்பம்புகளின் கதையும் அதேதான். குழாய்க்கிணற்றுக்குள் மோட்டாரை இறக்கி, பக்கத்தில் பிளாஸ்டிக் தொட்டி வைத்து, பம்பின் தலையைக் கழற்றி எடைக்குப் போட்டாயிற்று. தண்ணீருக்காகத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி நடக்கும் பெண்களுக்கு மோட்டார் பெரிய விடுதலை. அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? மோட்டாரோடு கைப்பம்பும் இருக்கட்டும் என்கிறேன். உப்புநீர் ஊராக இருந்தால் குளிக்கவும் கழுவவுமாவது ஆகும், நல்ல தண்ணீர் மிஞ்சும். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதியை ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தைத் தூக்குவது மின்மோட்டார். முன்னேற்றம்தான். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் கையால் சுற்றத் தெரிந்தவர்கள் ஒரு தலைமுறையோடு போய்விடுவார்கள் என்பதும் உண்மை.

வீட்டளவில் சொன்னால், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தலைக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று வையுங்கள். ஐந்து பேருக்கு 15 நாளுக்கு 375 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 25 குடம். மூடிபோட்ட 500 லிட்டர் தொட்டி ஒன்று போதும். இரண்டாவது பேட்டரியின் விலைகூட ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 500 சதுர அடி மொட்டைமாடியில் இருந்து இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் இறங்கும். 2003-ல் சட்டத்துக்குப் பயந்து எல்லா வீட்டிலும் வைத்த மழைநீர்க் குழாய் இப்போது எங்கே போய் முடிகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

"மாடியில் சோலார் போட்டுவிட்டேன்" என்பவர்களுக்கு ஒரு சங்கடமான செய்தி. மானியத்தில் போடும் சோலார்களில் பெரும்பாலானவை மின்வாரியக் கம்பியோடு இணைந்தவை, பேட்டரி இல்லாதவை. கம்பியில் மின்சாரம் நின்றவுடன் அவையும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஊழியர் உங்கள் வீட்டு மின்சாரம் தாக்கிச் சாகக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது, சரியான ஏற்பாடு. ஆனால் விற்கும்போது எத்தனை பேர் இதைச் சொல்கிறார்கள்? கமுதியில் 2016 முதல் இருக்கும் 648 மெகாவாட் சூரிய மின்நிலையமும் தொகுப்பைப் பின்பற்றித்தான் ஓடும். தொகுப்பு விழுந்தால் அத்தனை பலகைகளும் வெயிலில் சும்மா காயும். இருளில் இருந்து மீளும்போது முதலில் எழுப்பப்படுபவை பொதுவாக நீர்மின் நிலையங்களும் எரிவாயு நிலையங்களும். வழுதூரில் நமக்கு ஓர் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. தேவை வந்தால் அதை வைத்து மாவட்ட மருத்துவமனைக்கும் நீரேற்று நிலையங்களுக்குமாவது தனியாக மின்சாரம் கொடுக்கத் திட்டம் உண்டா என்பது சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டிய கேள்வி. பேட்டரியோடு இணைந்த ஹைப்ரிட் வகை சோலார் இருட்டிலும் ஓடும். எல்லோராலும் வாங்க முடியாது. ஊராட்சி அலுவலகத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒவ்வொன்று போட முடியும்.

அடுப்புக்கு நான் பயப்படவில்லை. சிலிண்டர் தீர்ந்தால், நாம் நாளெல்லாம் திட்டும் சீமைக்கருவேலம் இருக்கிறது; கரிமூட்டம் போட்டு ஊர் ஊராக அனுப்பும் மாவட்டம் இது. அரிசி, பருப்பு, கருவாடு இருந்தால் பத்து நாள் ஓடிவிடும். தோசை மாவுக்கு ஆட்டுக்கல்லைத் தேட வேண்டியிருக்கும், அது வேறு துக்கம். பணம்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. செல்போன் கோபுரங்களின் பேட்டரி சில மணி நேரம்தான். பிறகு ஜெனரேட்டர், அதற்கு டீசல். கோபுரம் நின்றால் க்யூஆர் அட்டை வெறும் அட்டை. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களில் ஒரு வாரச் செலவு வீட்டில் இருக்கட்டும். ரேஷன் கடையில் விரல்ரேகைக் கருவி ஓடாவிட்டால் பழையபடி பேரேட்டில் எழுதிக் கொடுக்கலாம் என்ற உத்தரவு முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். அன்றைக்குப் போய் மேலிடத்தைக் கேட்கலாம் என்றால் போன் இருக்காது.

கடற்கரைத் தொழில் இரண்டாம் நாளே நிற்கும், ஐஸ் இல்லாமல். கடலில் மீன் இருக்கும், டீசலும் கொஞ்சம் இருக்கும். ஆனால் ஐஸ் கம்பெனி நின்றால் நண்டும் இறாலும் கரையிலேயே விலை விழும். அப்போது கைகொடுப்பது உப்பும் வெயிலும்தான். உப்புக்கு வாலிநோக்கம் இருக்கிறது. கருவாடு போடத் தெரிந்த அம்மாக்கள் இன்னும் எல்லாக் குப்பங்களிலும் இருக்கிறார்கள்.

எனக்குத் தூக்கம் கெடுவது மருந்தை நினைத்துத்தான். இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில் வைக்கச் சொல்கிறார்கள். திறந்து பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான குப்பிகள் 25, 30 டிகிரிக்குள் நான்கு வாரம்வரை தாங்கும். நம் சித்திரை வெயில் அந்தக் கணக்கில் இல்லை. ஈரமண் பானைக்குள் வைக்கலாம். கச்சான் என்ற மேல்காற்று காய்ந்து வீசும் மாதங்களில் பானை நன்றாகக் குளிரும், கார்த்திகை ஈரத்தில் குறைவாகவே குளிரும். உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் செய்பவர், வீட்டில் ஆக்சிஜன் கருவியோடு இருப்பவர், இவர்களுக்குப் பானை உதவாது. மின்சாரம் இருக்கும் இடத்துக்கு அவர்களைக் கொண்டுபோக வேண்டும். அதற்கு அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை கொடுக்க வருபவர்களிடம் பாதிப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் காகிதத்தில் எழுதி சுகாதார நிலையத்தில் ஒட்ட வேண்டாம், பூட்டிய அலமாரியில் வைத்தால் போதும்.

செய்தி எப்படிப் பரவும் என்ற கேள்விக்குக் கரையோரத்தில் பாதி விடை இருக்கிறது: விசைப்படகுகளில் பேட்டரியில் ஓடும் வயர்லெஸ், பாம்பனில் 'கடல் ஓசை' சமுதாய வானொலி. செல் போட்டுக் கேட்கும் ரேடியோ ஒன்று வாங்குங்கள்.

இதை எழுதினால் "நல்லதையே நினை" என்று அறிவுரை வரும் என்று தெரியும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடிக்குப் போய்ப் புயலில் சிக்கிய ரயிலில் இருந்தவர்களும் நல்லதைத்தான் நினைத்திருப்பார்கள்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. எங்கள் ஊரில் அடுத்த கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டிருக்கிறேன்: குடிநீர் மோட்டாருக்கு ஜெனரேட்டரை இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்துவது, புயல் காலத்துக்கு முன் ஒரு நாள் உண்மையாகவே ஓட்டிப் பார்ப்பது, ஊருணி வரத்துக்காலைத் தூர்வாருவது, கழற்றிய கைப்பம்புகளில் சரிசெய்யக்கூடியவற்றை மீண்டும் மாட்டுவது. டீசல் செலவு எந்தக் கணக்கில் என்ற இடத்தில் நிற்கிறேன். உங்கள் ஊராட்சியில் மோட்டார் எத்தனை குதிரைத்திறன், வாடகை ஜெனரேட்டர் எங்கே கிடைக்கிறது, கஜாவின்போது டெல்டாவில் உறவினர்கள் தொட்டியை எப்படி நிரப்பினார்கள், டீசலுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அண்ணன் உட்பட.