ஃபில் பவர் மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

கோடைப் பயணத்துக்கு ஸ்லீப்பிங் பேக் (உள்ளே நுழைந்து தூங்கும் பை) வாங்கும்போது ஃபில் பவர், அதாவது உள்ளே அடைத்த தூவி எவ்வளவு உப்பும் என்ற அளவு, அதிகமுள்ளதை எடுத்தால் போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அது பாதி உண்மைதான். ஃபில் பவர் 800 என்ற எண், ஒரு அவுன்ஸ் வாத்துத் தூவி 800 கன அங்குலம் உப்பி நிற்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. உள்ளே எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாது. கதகதப்புக்கு இரண்டும் வேண்டும். 650 தூவியைக் கூடுதலாக அடைத்த பை, 850 தூவியைக் கொஞ்சமாக அடைத்ததைவிட நன்றாகக் குளிர் தாங்கும், எடைதான் கூடும்.

வெப்பநிலை எண்ணிலும் கவனம் தேவை. ஸ்லீப்பிங் பேக்குகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 23537-இன்படி சோதித்த பைகளில் 'கம்ஃபர்ட்' (வசதியாகத் தூங்கக்கூடிய குளிர்), 'லிமிட்' (சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய குளிர்), 'எக்ஸ்ட்ரீம்' என மூன்று எண்கள் இருக்கும். பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் லிமிட். நீங்கள் கம்ஃபர்ட் எண்ணையே பாருங்கள். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைக்கும் எல்லை, தூங்கும் எல்லை அல்ல. நான் முதல் பையை லிமிட்டை நம்பி வாங்கி, மலையில் ஓர் இரவு முழுக்க நடுங்கியபடி விழித்திருந்தேன்.

கோடைக்கு என் தேர்வு, கால்வரை ஜிப் திறக்கும் பை. வெக்கையான இரவில் விரித்துப் போர்வையாக்கிக்கொள்ளலாம். ஆனால் தரைக்குளிருக்கு அடியில் நல்ல பாய் அவசியம். உடம்பின் கீழ் நசுங்கிய தூவி காற்றைப் பிடித்து வைக்காது.

ஈரம்தான் தூவிக்கு எதிரி. மழைக்காலப் பயணம் என்றால் செயற்கை இழைப் பையே மேல். வீட்டில் சுருட்டி அமுக்கி வைக்காதீர்கள், பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டு வையுங்கள்.