தமார் அரசி மீது விழுந்த பழி
காகசஸ் மலைத்தொடரில், ஜார்ஜிய–ரஷ்ய எல்லையில் உள்ள தாரியல் பள்ளத்தாக்குக் கோட்டையின் படத்தைப் போட்டு, "ஜார்ஜியாவின் தமார் அரசி வழிப்போக்கர்களை இங்கே அழைத்து ஓர் இரவு மகிழ்ந்துவிட்டு, விடிந்ததும் கொன்று தெரேக் ஆற்றில் வீசினாள், இது வரலாறு" என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்கவும், இதில் வரலாறு துளியும் இல்லை. அந்தப் பக்கத்தில் வழங்கும் கட்டுக்கதை இது. ரஷ்யக் கவிஞர் லெர்மன்தோவ் 1841இல் எழுதிய 'தமாரா' கவிதைதான் இதை ஊர் உலகமெல்லாம் பரப்பியது.

உண்மையான தமார் 1184 முதல் 1213 வரை ஆண்டவர். ஜார்ஜியத் திருச்சபை அவரைப் புனிதராகவே வணங்குகிறது. முதல் கணவர் யூரியை விவாகரத்து செய்து நாடு கடத்தினார். அந்த மனிதர் திரும்பி வந்து, அதிருப்தியில் இருந்த பிரபுக்களைச் சேர்த்துக்கொண்டு அரியணைக்கே குறிவைத்தார், தோற்றுப் பிடிபட்டார். அப்போதும் தமார் அவரைக் கொல்லாமல் உயிரோடு போகவிட்டார். அப்படிப்பட்டவரைக் கொலைகாரி என்று எழுத எப்படி மனம் வந்தது?

கோட்டையும் அவர் கட்டியதல்ல. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான பிளினி இந்தக் கணவாயைக் குறிப்பிடுகிறார்: இரும்பு பொதிந்த மரங்களாலான வாயில், அதற்கு அடியில் ஓடும் ஆறு, பாறைமேல் ஒரு கோட்டை. இப்போது அங்கே அகழ்ந்து கண்ட பழைய மதில்களும் ஏறத்தாழ கி.பி. 400ஐச் சேர்ந்தவை, தமாருக்கு எழுநூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியவை.

கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 'வரலாறு' என்பதை மட்டும் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.