கசாப்புக்காரர்களாம்!

நேற்று ஒரு பழைய கால்பந்து ஆட்டக் காணொளியின் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "இவர்கள் ஆட்டக்காரர்களா, கசாப்புக்காரர்களா?" என்று ஒரு தம்பி கேட்க, வரிசையாகச் சிரிப்புக் குறிகள். அதில் பாதி என் நண்பர்கள் போட்டவை.

இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைப் போட்டியில், 1970 இறுதியின் மறு ஆட்டம் அது. ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் செல்சி அணியும் லீட்ஸ் அணியும். முதல் ஆட்டத்தில் செல்சியை அலைக்கழித்த லீட்ஸ் வீரர் எடி கிரேயின் காலை செல்சியின் பின்கள வீரர் ரான் ஹாரிஸ் ஆரம்பத்திலேயே பதம் பார்த்துவிட்டார். பிறகு கிரே பாதி ஆள்தான். நடுவர் அன்று எச்சரித்துக் குறித்துக்கொண்டது ஒரே ஒரு பெயரை. இன்றைய நடுவர் மைக்கேல் ஆலிவர் அதே ஆட்டத்தை 2020இல் பார்த்துவிட்டு ஆட்டக்காரரை வெளியேற்றும் சிவப்பு அட்டையை 11 முறை காட்டியிருப்பேன் என்றார். தம்பி இதைப் பிடித்துக்கொண்டுதான் குதிக்கிறார். ஐயா, இங்கிலாந்து லீக்கிற்கு அட்டைகளே 1976இல்தான் வந்தன! நடுவர் ஊதாத விசிலுக்கு ஹாரிஸா பொறுப்பு? செல்சிக்கு 795 ஆட்டம் ஆடியவர் அவர். வெறும் உதைக்காகவா அத்தனை முறை களமிறக்கினார்கள்?

டாட்டன்ஹாம் அணியின் டேவ் மெக்காய், லீட்ஸ் வீரர் பில்லி பிரெம்னரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து நிற்கும் 1966 படத்தையும் ஒருவர் போட்டிருந்தார். "ரவுடி" என்று தலைப்பு வேறு. இருமுறை முறிந்து ஒட்டிய மெக்காயின் காலில் பிரெம்னர் உதைத்த மறுநொடி அது. தன்னை முரடனாகக் காட்டுகிறது என்று மெக்காய்க்கே அந்தப் படம் பிடிக்காது. அவர்கள் ஆட்டக்காரர்கள். மறுபடி சொல்கிறேன், ஆட்டக்காரர்கள்.

"மரடோனாவின் கணுக்காலை 1983இல் ஸ்பெயினின் பின்கள வீரர் கொய்கோட்செயா உடைத்தாரே?" உடைத்தார். தப்புதான். அந்த ஒருவரை வைத்து எல்லோரையும் அளப்பீர்களா?

"நீயும் அந்த ரகம்தானே" என்று என் அக்கா மகனே எழுதியிருக்கிறான். ஆமாம், பின்களத்தில் நின்றவன்தான். முழந்தாளுக்குக் கீழே காலைக் காக்கும் ஷின் பேட் வாங்கக் காசில்லாமல் காலுறைக்குள் காகித அட்டையை மடித்துச் செருகி ஆடியவன். மழை பெய்தால் அது ஊறிக் கூழாகிவிடும். அப்படியொரு மழைநாளில் என் முழங்காலைச் சாய்த்தவனே அன்று மாலை என்னை சைக்கிளில் உட்கார வைத்து வீட்டில் விட்டான். வழியில் டீயும் அவன் செலவு. இன்று மாடிப்படி இறங்கக் கைப்பிடி வேண்டும். அவன்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. நேற்றைய சிரிப்புக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

லிவர்பூலின் டாமி ஸ்மித்தைத் தெரியுமா? 1977 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் தலையால் முட்டி கோல் போட்ட 'கசாப்புக்காரர்'. ஓய்வுக்குப் பிறகு மூட்டுவாதம் அவரை முடக்கியது. 1996இல் லண்டனின் வெம்பிளி மைதானத்தில் ஒரே ஒரு பெனால்டி உதைக்க நொண்டிக்கொண்டு வந்தார். அதைக் காரணம் காட்டி அவருடைய ஊனமுற்றோர் உதவித்தொகையை நிறுத்தினார்கள்.

தம்பி, இதற்கும் ஒரு சிரிப்புக் குறி போட்டுவிட்டுப் போங்கள்.